விமானத்தில் சீட் பெல்ட் பழுதா? இருக்கையில் அமர்வது முதல் இழப்பீடு வாங்குவது வரை

அம்மாவின் இடது தோளில், காறை எலும்பு ஒட்டிய இடத்தில், இன்னமும் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. சென்னையிலிருந்து தில்லிக்குப் போன விமானத்தில் அவர் சீட் பெல்ட் போட்டுத்தான் இருந்தார். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது காற்றுக் கொந்தளிப்பில் விமானம் சட்டென்று தாழ்ந்தது. பெல்ட்டின் பூட்டு விட்டுக்கொடுத்தது. ஒரு முழ உயரம் எழும்பிய அம்மா, கைப்பிடியின் மீது தோள் மோத விழுந்தார்.

அதற்கான இழப்பீடு கைக்கு வரப் பத்தொன்பது மாதம் ஆனது. அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் வீணானதற்குக் காரணம், முதல் ஆறு மணி நேரத்தில் நாங்கள் செய்யாமல் விட்ட சில எளிய வேலைகள். பெல்ட் பழுதாக இருந்தது உண்மை. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைதான் எங்களை அலைக்கழித்தது. முதல்முறை விமானம் ஏறுகிறவர்களும், பெற்றோரைத் தனியாக அனுப்பி வைக்கிறவர்களும் இந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

1. கதவு மூடும் முன் பெல்ட்டைச் சோதியுங்கள்

ஒரு நிமிட வேலை இது. கதவு மூடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அதுவரை பொறியாளர் கீழேயே இருப்பார், வேறு இருக்கையும் கிடைக்கக்கூடும். விமானம் நகர்ந்த பிறகு எல்லாமே கடினம்.

விமான பெல்ட்டில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்றின் நுனியில் தட்டையான உலோக நாக்கு, மற்றொன்றில் பூட்டு. பூட்டின் மேல் மூடியைத் தூக்கினால் திறக்கும். முதலில் இரண்டு துண்டுகளும் உங்கள் இருக்கைக்கு உரியவைதானா என்று பாருங்கள். பக்கத்து இருக்கையின் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

நாக்கைச் செருகிச் சொடுக்குச் சத்தம் கேட்ட பிறகு, தொங்கும் முனையை இழுத்து இறுக்குங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். மூடியைத் தொடாமல், பூட்டின் இரு பக்கத்துப் பட்டைகளையும் இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராக வெடுக்கென்று இழுங்கள். பிறகு உடல் எடையைப் போட்டு ஒருமுறை முன்னால் சாயுங்கள். அம்மாவின் பெல்ட்டில் சொடுக்குச் சத்தம் நன்றாகவே கேட்டது. சாய்ந்தபோதுதான் நாக்கு வழுக்கி வெளியே வந்தது.

பூட்டு திறக்காமல் பட்டை மட்டும் மெல்ல நழுவித் தளர்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் பழுதுதான். பட்டையின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, பெல்ட் இருக்கைச் சட்டத்தில் மாட்டியிருக்கும் இடத்தைத் தடவுங்கள். அங்கே ஒரு கொக்கியும் அது கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு நாவும் பெரும்பாலும் இருக்கும். கொக்கி வளையத்துக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். பெல்ட் தளர்ந்து மெத்தைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தால் இந்த இடத்தை அவசியம் பாருங்கள்.

வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், இதைத் தொலைபேசியில் சொல்லி அனுப்பினால் போதாது. வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு துணிப் பட்டையைக் கையில் கொடுத்து ஒருமுறை செய்து காட்டுங்கள். மூடியைத் தூக்கித் திறப்பதையும் பழக்குங்கள். நெருக்கடி வேளையில் பலர் கார் பெல்ட்டின் பழக்கத்தில் பக்கவாட்டில் பொத்தானைத் தேடித் தடவுகிறார்கள்.

2. பழுது என்றால் சொல்வதோடு நிற்காமல் எழுதச் சொல்லுங்கள்

நாங்கள் சொன்னோம். பணிப்பெண் வந்து நாக்கைச் செருகினார், சத்தம் கேட்டது, "சரியாகத்தான் இருக்கிறது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் "விடு கண்ணா, அவர்களுக்கு ஆயிரம் வேலை" என்றார். நானும் விட்டேன்.

நீங்கள் விடாதீர்கள். அவர்கள் எதிரிலேயே முன்னால் சாய்ந்து காட்டுங்கள். "இதைக் கேபின் பதிவேட்டில் எழுதுங்கள், பொறியாளர் பார்க்கட்டும்" என்று கேளுங்கள். கேபினில் காணும் பழுதுகளை எழுதுவதற்கென்றே விமானத்தில் பதிவேடு உண்டு. அதில் ஏறிவிட்ட பழுதுக்குப் பதில் எழுதாமல் விடமுடியாது.

பெல்ட்டை மாற்றுவது பெரிய வேலை அல்ல. மாற்றுப் பெல்ட் கையில் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இல்லையென்றால் அந்த இருக்கையில் யாரும் அமரக்கூடாது என்று அட்டை ஒட்டி அதைக் காலியாக விட்டு விமானம் கிளம்ப விதிகள் இடம் தருகின்றன. உங்களுக்கு வேறு இருக்கை தரவேண்டும். விமானம் நிரம்பி வழிந்தால் அடுத்த விமானத்தில் போகச் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: குரலை உயர்த்தாதீர்கள். கட்டுப்பாடற்ற பயணி என்று பதிவானால், சொற்களால் செய்யும் தகராறுக்கே மூன்று மாதம் வரை பறக்கத் தடை விதிக்க விதியில் இடம் உண்டு. பெல்ட்டையும் இருக்கை எண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புனே, ஸ்ரீநகர் போல விமானப்படைத் தளத்தோடு சேர்ந்த நிலையங்களில் ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். படம் எடுக்காதீர்கள் என்று பணிக்குழுவினர் சொன்னால் நிறுத்திவிட்டு, தொலைபேசியிலேயே நேரத்தோடு குறித்து வையுங்கள்: யாரிடம் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார். பெயர்ப் பட்டையில் உள்ள பெயரும் வேண்டும். பிற்பாடு எங்களிடம் அந்தப் பெயர் இல்லாததால் ஒரு முழு வாய்தா போனது.

3. பெல்ட்டை எங்கே, எவ்வளவு இறுக்கமாக

பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக அமர வேண்டும். முறுக்கு இல்லாமல், தட்டையாக. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும். பட்டை எட்டவில்லை என்றால் பணிக்குழுவினரிடம் நீட்டிப்புப் பட்டை கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, கூச்சமும் வேண்டாம். கடையில் வாங்கிய நீட்டிப்பை எடுத்துவராதீர்கள். அவசர வழி வரிசையில் அமர்பவர்களுக்கு நீட்டிப்புப் பட்டை தரமாட்டார்கள் என்பதால் இருக்கையைத் தேர்வு செய்யும்போதே இதை யோசியுங்கள்.

மடியில் குழந்தை இருந்தால் உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் பூட்டாதீர்கள். மோதலில் உங்கள் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். குழந்தைக்கெனத் தனிப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றுவதுதான் நம் ஊர்ப் பயணிகளின் பெரிய தவறு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 விமானம் மியான்மர் வான்பரப்பில் கொந்தளிப்பில் சிக்கியது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்து எட்டு விநாடிகளில் உலுக்கல் உச்சத்துக்குப் போனது. அடுத்த 4.6 விநாடிகளில் விமானம் 178 அடி தாழ்ந்தது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுந்தார்கள் என்கிறது அந்நாட்டுப் புலனாய்வின் முதற்கட்ட அறிக்கை. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். எட்டு விநாடிக்குள் மெத்தையடியில் சிக்கிய பெல்ட்டைத் தேடி எடுத்து, செருகி, இறுக்க முடியுமா என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் வரை பூட்டியே இருக்கட்டும். தூங்குவதானால் போர்வைக்கு மேலே பெல்ட் தெரியும்படி போடுங்கள். சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.

4. அவசரத் தரையிறக்கம் என்றால்

உத்தரவு வந்ததும் பெல்ட்டை முடிந்த அளவு இறுக்குங்கள். முன்னால் குனிந்து தலையை எதிர் இருக்கையின் முதுகில் ஒட்டி, கைகளால் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். பாதங்கள் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். விமானம் முழுதாக நிற்கும் வரை பூட்டைத் தொடாதீர்கள், முதல் மோதலுக்குப் பின் இரண்டாவது மோதல் வரலாம். ஏறியவுடனேயே உங்கள் இருக்கையிலிருந்து முன்னும் பின்னும் அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்திருந்தால், புகையில் கண் தெரியாதபோது கையால் தடவி எண்ணிக்கொண்டே போய்விடலாம்.

பையை எடுக்காதீர்கள். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் 521 விமானம் ஓடுபாதையில் விழுந்து சறுக்கியது. உள்ளே இருந்த 300 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் வெடிப்பில் உயிரிழந்தார். அந்தக் காணொளியில் புகைக்கு நடுவே தலைக்கு மேலுள்ள பெட்டி அறையைத் திறந்து பைகளை இறக்குகிறவர்களைப் பார்க்கலாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு இறங்கினார்கள். பாஸ்போர்ட்டும் தொலைபேசியும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ இருந்தால் பையைத் தேடும் எண்ணமே வராது. நீரில் இறங்கும் நிலை வந்தால் உயிர்காப்புச் சட்டையை உள்ளே ஊதாதீர்கள். கதவைத் தாண்டிய பிறகே ஊத வேண்டும்.

5. தரையிறங்கிய பின்: விமான நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள்

எங்கள் வழக்கு சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தில்லியில் இறங்கியதும் நிறுவன ஊழியர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். சக்கர நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. அம்மா வலியைப் பொறுத்துக்கொண்டு "சுளுக்குத்தான்" என்றார். ஒரு படிவத்தை நீட்டி, அடுத்த பயணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வவுச்சர் தருவதாகச் சொன்னார்கள். நான் கையெழுத்திட்டேன். தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் காறை எலும்பு முறிந்திருந்தது. படிவத்தின் கடைசி வரியை அப்போதுதான் படித்தேன்: "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்."

ஆகவே முதலில், விமான நிலைய மருத்துவ அறைக்குப் போங்கள். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் போங்கள். பெயர், நேரம், விமான எண், காயம் எப்படி ஏற்பட்டது ஆகிய நான்கும் பதிவாக வேண்டும். சீட்டின் நகலைக் கையோடு வாங்குங்கள். "விமானத்தில் கீழே விழுந்தார்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "பூட்டிய சீட் பெல்ட் திறந்துகொண்டதால் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்" என்று இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, நிறுவனத்தின் நிலைய மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால், அங்கேயே நின்று நிறுவனத்தின் புகார் மின்னஞ்சலுக்கு அதே கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மின்னஞ்சலில் பதியும் நேரம் முத்திரைக்கு ஓரளவு ஈடாகும்.

மூன்றாவதாக, பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பேரின் தொலைபேசி எண்களைக் கேளுங்கள். பெல்ட் பூட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். "பெல்ட் போடச் சொல்லியும் பயணி போடவில்லை" என்பதுதான் நிறுவனத்தின் முதல் வாதமாக இருக்கும், அதை உடைக்க நமக்கு வேறு வழி குறைவு.

வவுச்சர், பண உதவி எதையும் வாங்க மறுக்க வேண்டியதில்லை. ஆனால் "இறுதித் தீர்வு" என்ற சொல் உள்ள தாளில் அன்றைய தினம் கையெழுத்திடாதீர்கள். முன்பணம் வேறு, தீர்வுத்தொகை வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விபத்துக்குப் பிறகு பலத்த காயமடைந்தவர்களுக்கு உடனடித் தேவைக்காக 25,000 அமெரிக்க டாலர் முன்பணம் தர முன்வந்தது. இறுதித் தொகையில் இது கழிக்கப்படும், மீதிக்கான உரிமை அப்படியே இருக்கும்.

6. மருத்துவமனைத் தாள்கள்

அன்று இரவே அல்லது மறுநாளே மருத்துவமனைக்குப் போங்கள். ஏழு நாளைத் தாண்டாதீர்கள். விமான விபத்து விசாரணையில் "பலத்த காயம்" என்பதற்குச் சர்வதேச இலக்கணம் உண்டு. காயம்பட்ட ஏழு நாளுக்குள் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அது பலத்த காயம். விரல், மூக்கு எலும்புகளின் சாதாரண முறிவு தவிர எந்த எலும்பு முறிந்தாலும் அதுவும் பலத்த காயம். அந்த வரையறைக்குள் வந்துவிட்டால், நடந்தது சிறு சம்பவம் அல்ல, விபத்து. நிறுவனம் அதை விசாரணை அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். அம்மாவின் முறிவு இரவில்தான் தெரிந்ததால் நிறுவனத்தின் ஏட்டில் "சிறு காயம்" என்றே நின்றுவிட்டது. நாங்கள் எக்ஸ்ரே அறிக்கையை மறுநாள் அனுப்பியிருந்தால் அந்த வரி மாறியிருக்கும்.

தமிழகத்தில் அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லி, அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேளுங்கள். தனியார் மருத்துவமனையிலும் விபத்து வழக்காகப் பதியச் சொல்லலாம். இதோடு சேர்த்து வைக்க வேண்டியவை: எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அறிக்கையோடு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீதுகள், பிசியோதெரபி வருகைச் சீட்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அலுவலகக் கடிதம், மருத்துவமனைக்குப் போய்வந்த ஆட்டோ, டாக்ஸி ரசீதுகள். மருந்துக் கடை ரசீதின் மை சில மாதங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். எங்கள் கோப்பில் நான்காயிரம் ரூபாய்க்கு மேலான ரசீதுகள் இப்படி வெறும் தாளாகிப் போயின.

எக்ஸ்ரே அறிக்கையை விடவும் எங்களுக்கு உதவியது எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த அரைப் பக்கக் கடிதம். இந்த முறிவு இப்படி மேலெழும்பி விழுந்து கைப்பிடியில் மோதியதோடு பொருந்துகிறது என்று அவர் எழுதியிருந்தார். கேட்டால்தான் எழுதித் தருவார்கள். முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

7. ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்குக் கடிதம்

உடல் காயத்துக்கு ஏழு நாள் கெடு என்று சட்டத்தில் இல்லை. இது என் கணக்கு. உடைமைச் சேதத்துக்கு, அதாவது செக்-இன் பெட்டி உடைந்திருந்தால், வெளிநாட்டுப் பயணத்தில் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் செய்வது கட்டாயம். இரண்டையும் ஒரே கடிதத்தில் முடித்துவிடலாம்.

கடிதத்தில் பி.என்.ஆர். எண், இருக்கை எண், பழுதைக் கதவு மூடும் முன் யாரிடம் சொன்னீர்கள் என்பது, காயத்தின் விவரம், மருத்துவ அறிக்கை நகல் எல்லாம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான ஒரு பத்தி: அந்த இருக்கையின் பெல்ட்டைக் கழற்றி மாற்றியிருந்தால் கழற்றிய பெல்ட்டைப் பத்திரப்படுத்த வேண்டும், கேபின் பதிவேட்டுப் பக்கம், அந்த இருக்கையின் பராமரிப்புப் பதிவு, விமானத் தரவுப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நாங்கள் நான்கு மாதம் கழித்துக் கேட்டோம். பெல்ட் மாற்றப்பட்டுவிட்டது, பழையது கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

தொலைபேசியில் பேசுவது எதற்கும் கணக்கில் வராது. மின்னஞ்சலிலும், சேர்ப்புச் சான்றோடு விரைவுத் தபாலிலும் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். முதல் பதில் பெரும்பாலும் அச்சடித்த வருத்தக் கடிதமாக இருக்கும். அடுத்து நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நோடல் அதிகாரிக்கும் (புகார்களைக் கவனிக்கும் பொறுப்பு அதிகாரி), அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதுங்கள். கூடவே மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். கட்டணம் இல்லை. அங்கே இழப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லும், அந்தப் பதில் பிறகு பயன்படும்.

தனியார் விமான நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டம் செல்லாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடமும், சென்னை போன்ற நிலையங்களை நடத்தும் விமான நிலைய ஆணையத்திடமும் செல்லும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். பழுது குறித்துப் புகார் வந்ததா, என்ன நடவடிக்கை என்று கேட்கலாம். மருத்துவ அறைச் சீட்டைத் தொலைத்தவர்களுக்கும் இது ஒரு வழி.

8. உங்கள் பயணம் உள்நாட்டுப் பயணமா, வெளிநாட்டுப் பயணமா?

இதைத் தீர்மானிப்பது நீங்கள் காயம்பட்ட இடம் அல்ல, டிக்கெட். மதுரை–சென்னை–சிங்கப்பூர் என்று ஒரே முன்பதிவில் எடுத்திருந்தால், மதுரைக்கும் சென்னைக்கும் நடுவில் அடிபட்டாலும் அது வெளிநாட்டுப் பயணம். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் மதுரை–சென்னை வெறும் உள்நாட்டுப் பயணம். வேறுபாடு சிறியதல்ல. டிக்கெட்டை முழுதாக, எல்லாப் பக்கங்களோடும் வைத்திருங்கள். போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவில் 2009 முதல் அமலில் இருக்கிறது. விமானத்தில் நடந்த விபத்தால் உடல் காயம் என்றால், நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலேயே குறிப்பிட்ட வரம்பு வரை நிரூபித்த இழப்பைப் பெறலாம். 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ இரண்டு லட்சம் அமெரிக்க டாலர். அது எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல, ரசீதும் சான்றும் காட்டும் அளவுக்குத்தான் கிடைக்கும். பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் தொகை குறையும். பெல்ட் பூட்டியிருந்ததற்குச் சாட்சி வேண்டும் என்று மேலே வலியுறுத்தியது இதற்காகத்தான். உடலில் காயம் இல்லாமல் பயமும் மனவேதனையும் மட்டும் என்றால் இந்த உடன்படிக்கையின் கீழ் பெறுவது மிகக் கடினம்.

உள்நாட்டுப் பயணத்துக்கு 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அறிவித்த தனி வரம்பு உண்டு, வெளிநாட்டு வரம்பைவிடக் குறைவு. நடப்புத் தொகையை நிறுவனத்தின் பயண நிபந்தனைகளில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

கெடு இரண்டு ஆண்டு. விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு. நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதால் இந்தக் கெடு நீளாது. "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில்களை நம்பி இருபதாவது மாதம் வரை காத்திருந்த ஒருவரை நுகர்வோர் ஆணைய வராந்தாவில் சந்தித்தேன். அவருக்கு வழக்குப் போட எஞ்சியிருந்தது நான்கு மாதம், கையில் ஒரு மருத்துவச் சீட்டுகூட இல்லை.

9. நுகர்வோர் ஆணையம்

நிறுவனம் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, செலுத்திய கட்டணத்தைப் பொறுத்தது. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை வழக்குக் கட்டணமே கிடையாது. ஆக, எட்டாயிரம் ரூபாய் டிக்கெட்காரருக்குக் கட்டணம் பூஜ்யம்.

இந்த வழி சிறு தொகைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2010 மே 22 அன்று மங்களூருவில் நடந்த விபத்தில் உயிரிழந்த ஒருவரின் குடும்பம் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கிய வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் 2020இல் இழப்பீட்டை 7.64 கோடி ரூபாயாக உயர்த்தியது.

நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நாள் வரிசையில் நிகழ்வுகளைச் சொல்லும் மனு, பிரமாணப் பத்திரம், எண் இட்ட ஆவணங்கள், ஆவணப் பட்டியல், அடையாள அட்டை, டிக்கெட், நிறுவனத்தோடு நடந்த கடிதங்கள் தேவை. "சேவைக் குறைபாடு" என்ற சொல் மனுவில் இருக்க வேண்டும். பழுதைச் சொல்லியும் மாற்றாமல் விட்டதுதான் அந்தக் குறைபாடு. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். தொடங்கும் முன் குழப்பம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் கேட்கலாம்.

கேபின் பதிவேட்டை நிறுவனம் தரமறுத்தால், ஆவணங்களை வரவழைக்கும்படி ஆணையத்திடம் தனி மனு போடுங்கள். சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அந்த அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. வழக்கு எங்கள் பக்கம் திரும்பியது அந்த மனுவால்தான். பராமரிப்புப் பதிவின் நகல் வந்தபோது, அம்மாவின் இருக்கை பெல்ட் விபத்துக்கு மறுநாள் மாற்றப்பட்டிருந்தது ஒற்றை வரியில் பதிவாகி இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் "பூட்டு பிடிக்கவில்லை" என்ற பொருளில் மூன்று சொற்கள். வவுச்சர் படிவத்தில் நான் போட்ட கையெழுத்தையும், முறிவு தெரியாத நிலையில் வாங்கப்பட்டது என்று ஆணையம் ஒதுக்கித் தள்ளியது.

10. எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்

சட்டப்படி மனுவை ஏற்பதா என்பதை 21 நாளுக்குள்ளும், எதிர்த்தரப்பு பதிலை 30 நாளுக்குள்ளும் முடிக்க வேண்டும். பதிலுக்கு மேலும் 15 நாள் கேட்கலாம். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு ஆணையத்தில் மட்டும் பதின்மூன்று மாதம் ஆனது. ஒன்றரை ஆண்டு என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

எங்கள் கைச்செலவு: வழக்கறிஞர் நோட்டீசுக்கு 3,000 ரூபாய், நகல், நோட்டரி, தபால் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்குள், எலும்பு மருத்துவர் கருத்துக் கடிதத்துக்கு 1,000 ரூபாய். வாதத்தை நானே செய்தேன். ஏழு முறை போய்வர நேர்ந்தது, மூன்று விசாரணைகள் காணொளி வழியே நடந்தன. வழக்குச் செலவையும் மனுவில் தனியாகக் கேளுங்கள், கேட்காததை ஆணையம் தராமல் போகலாம்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதைத் தனியாக, உடனே கோருங்கள். டிக்கெட் வாங்கும்போது ஒரு பெட்டியில் டிக் செய்து எடுத்ததே பலருக்கு மறந்துவிடுகிறது. முன்பதிவு மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள். கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்திருந்தால் கார்டோடு விமான விபத்துக் காப்பீடு வருகிறதா என்று வங்கியில் கேளுங்கள். காப்பீட்டுத் தொகை வாங்குவதால் நிறுவனத்தின் மீதான உரிமை போகாது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் மூலச் சான்றுகளைக் கேட்கும். எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், மூலமும் நகலும் சரிபார்க்கப்பட்டது என்று அவர்களிடம் முத்திரை பெற்ற ஒரு தொகுதியை ஆணையத்துக்கென்று எடுத்து வையுங்கள்.